மல்லாட்டையும் அஃப்ளாவும்

சிங்கப்பெருமாள் கோவில் என்ற பெயரை முழுசாகச் சொல்வது ரயில் நிலைய ஒலிபெருக்கியும் பத்திரம் எழுதுகிறவர்களும்தான். மற்றவர்களுக்கு அது எஸ்.பி. கோயில். ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போகிற பையன்கள் புள்ளிகளையும் விழுங்கிவிட்டு ஒரே மூச்சில் ‘எஸ்பீகோயல்’ என்கிறார்கள். குன்றைக் குடைந்த அந்தக் கோயிலில் இருக்கும் நரசிம்மருக்குப் பாடலாத்ரி நரசிம்மர் என்று பெயர். பாடலம் என்றால் சிவப்பு, அத்ரி என்றால் மலை. சாமிக்கும் மலைக்கும் இத்தனை பெயர் இருந்தும், பஸ் பிடிக்கிற அவசரத்தில் மிஞ்சியது இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

நான் எழுத வந்தது ஊர்ப் பெயரைப் பற்றி அல்ல. அந்தக் கூட்டுரோட்டில் சாயங்கால ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கிற நேரத்தில், தகரத் தட்டில் ஆவி பறக்கக் குவித்து விற்கிற ஒரு பண்டத்தின் பெயரைப் பற்றி. விற்கிற அம்மா கூவுவது “மல்லாட்ட, சூடா மல்லாட்ட” என்று. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த சென்னைப் பையன் “வேர்க்கல்ல இருபது ரூபாக்குக் குடுக்கா” என்றான். கூட வந்த ஈரோட்டுக்காரன் “கடலக்காய்ங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்து உரித்தான். பின்னால் நின்ற ஒடிசாத் தம்பி கையை நீட்டி “சினாபாதாம்” என்றான். அந்த அம்மா மூன்று பேருக்கும் ஒரே ஆழாக்கால் அளந்து போட்டார்.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். “எந்த ஊரும்மா உங்களுக்கு?”

“அச்சிறுபாக்கத்துக்கு அந்தாண்ட.”

“அங்க எல்லாரும் மல்லாட்டைன்னுதான் சொல்வாங்களா?”

“வேற என்னான்னு சொல்வாங்க? அதான் தம்பி அதோட பேரு.”

அதுதான் அதன் பெயர். அந்தப் பெயருக்குள் கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு நகரம் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பிலிப்பைன்ஸின் மணிலா. அங்கிருந்து வந்த கொட்டை மணிலாக்கொட்டை. அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகி, செங்கல்பட்டில் தொடங்கி விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் வரை கொல்லைமேட்டுச் சொல்லாகிவிட்டது.

தேய்ந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மணிலாவில் நடுவில் இருக்கிற இகரம் அழுத்தமில்லாத இடத்தில் இருப்பதால் முதலில் அது உதிர்கிறது: மண்லா. ணகர ஒற்றும் லகரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நாக்குக்குச் சிரமம். ணகரம் லகரத்தோடு சேர்ந்துகொள்கிறது: மல்லா. சென்னைக்காரர் வாயில் வேர்க்கடலை ‘வேர்க்கல்ல’ ஆனதும் இதே வழியில்தான். கடலையில் நடு அகரம் உதிர்ந்து ‘கட்ல’, பிறகு டகரம் கரைந்து ‘கல்ல’. ஒரே வட்டாரத்து நாக்கு, ஒரே பண்டத்தின் இரண்டு பெயர்களை ஒரே மாதிரி சப்பித் துப்பியிருக்கிறது. பிறகு கொட்டையின் ககரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிந்து போய், இரண்டு சொல் ஒட்டி ஒற்றைச் சொல் ஆனது. மல்லாட்டை என்று கேட்கிறவருக்கு இப்போது மணிலாவும் தெரியாது, கொட்டையும் தெரியாது. சொல் தமிழாகிவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

எழுத்தில் மட்டும் பழைய உருவம் பிழைத்திருக்கிறது. விழுப்புரம் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விலை போடும்போது ‘மணிலா, 80 கிலோ மூட்டை’ என்றுதான் எழுதுகிறார்கள். வாயில் மல்லாட்டை, காகிதத்தில் மணிலா.

உண்மையில் மணிலாவும் இதன் சொந்த ஊர் இல்லை. செடி தென்னமெரிக்காவினுடையது. ஸ்பானியர்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல் விட்டார்கள். அந்தக் கப்பல்கள் வழியாகப் பல செடிகள் ஆசியாவுக்கு வந்தன. மணிலாவில் இதற்குப் பெயர் ‘மானி’. அதுவும் அவர்கள் சொல் இல்லை. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல்லை ஸ்பானியர் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தது. ஆக நாம் மணிலாவின் பெயரைச் சொல்கிறோம், மணிலாக்காரர் கரீபியன் தீவின் பெயரைச் சொல்கிறார். வங்காளியும் ஒடியரும் சீனத்தைக் கைகாட்டி, சீன பாதாம் என்கிறார்கள். சிங்களத்தில் ‘ரட்ட கஜு’, அதாவது பிறநாட்டு முந்திரி. மலையாளியிடம் ‘கப்பலண்டி’: கப்பலில் வந்த அண்டி. எந்த ஊர் என்று யாருக்கும் நிச்சயமில்லை, கப்பலில் வந்தது என்பது மட்டும் கண்ணால் பார்த்த சங்கதி. இந்தப் பட்டியலில் நேர்மையான பெயர் என்று நான் மலையாளத்துக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

யாழ்ப்பாணத்தில் கச்சான் என்பார்கள். மலாய் மொழியில் பயறுக்கும் கடலைக்கும் ‘கச்சாங்’ என்று பெயர். சிங்கப்பூரில் தமிழர்கள் தலைமேல் தட்டு வைத்து விற்றது ‘கச்சாங் பூத்தே’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

வேர்க்கடலை, நிலக்கடலை இரண்டும் வேறு வகைப் பெயர்கள். ஊரைச் சொல்லாமல் உருவத்தைச் சொல்பவை. கடலை என்றால் தமிழில் முதலில் கொண்டைக்கடலைதான். புதிதாக வந்தது மண்ணுக்கடியில் கிடைத்ததால் வேர் என்றும் நிலம் என்றும் அடைமொழி சேர்ந்தது. தெலுங்கில் ‘வேருசெனக’ என்பதும் அச்சாக இதே கட்டுமானம். ஆனால் வேரில் காய்க்கிற கடலை அல்ல இது. மஞ்சள் பூ மேலேதான் பூக்கிறது. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு ஊசிபோல் நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் காய் பிடிக்கிறது. நம் விவசாயிகள் அதை ‘விழுது இறங்குது’ என்கிறார்கள். ஆலமரத்திலிருந்து எடுத்த சொல். லின்னேயஸ் 1753இல் வைத்த ‘ஹைப்போஜியா’ என்ற பெயரும் ‘மண்ணுக்கடியில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. விழுது என்கிற சொல்லோ நடக்கிற காரியத்தையே காட்டிவிடுகிறது. வேளாண்மை அலுவலர்கள் பரிந்துரை எழுதும்போதும் ‘விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கவும்’ என்றே எழுதுகிறார்கள். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஓட்டை உறுதியாக்கும். அந்த ஓடு எதைத் தடுக்க வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. வண்டி வண்டியாகப் போன அந்த வியாபாரம்தான் பெயரையும் இந்த வட்டாரத்தில் ஊன்றியிருக்க வேண்டும். பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. விவசாயிகள் இன்றும் சொல்கிற டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற ரகப் பெயர்களில் இருக்கும் மூன்று எழுத்து திண்டிவனம்தான். வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம். மணிலாவை மென்று தின்ற நாக்குக்கு, திண்டிவனம் மூன்று எழுத்தானதும் பழக்கப்பட்ட ருசிதான்.

அன்று அந்த அம்மாவிடம் வாங்கிய பொட்டலத்தில் ஏழெட்டாவது கடலை கசந்தது. முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டார். “சொத்தையா? துப்பிடு தம்பி. இந்தா, வேற எடுத்துக்க.” நான் துப்பிவிட்டு, ஓட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு தூள், விரலில் ஒட்டியது.

அந்தத் தூளுக்குத் தமிழில் அழகான பெயர்கள் உண்டு. பூஞ்சணம், பூசணம், பூஞ்சை. ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு “பூத்துப்போச்சு” என்பார்கள் நம் வீடுகளில். கெட்டுப்போனதைப் பூ என்று சொல்கிற மொழி நம்முடையது. பார்த்தால் அது பூப்பது போலத்தான் இருக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சொல்லில் அச்சம் இல்லை. பூத்ததைத் துடைத்துவிட்டு, வெயிலில் ஒரு காய்ச்சல் காயவைத்து, மறுபடி எடுத்து வைத்துவிடுவோம். நஞ்சு என்ற சொல் அப்படிப்பட்டதல்ல. கன்னடத்திலும் நஞ்சு, மலையாளத்திலும் நஞ்சு. நஞ்சை உண்ட சிவனுக்குக் கர்நாடகத்தில் நஞ்சன்கூடு என்று ஒரு ஊரே இருக்கிறது. பூசணமும் நஞ்சும் நம் மொழியில் வெவ்வேறு அலமாரியில் இருந்த சொற்கள். இரண்டும் ஒன்று என்று உலகத்துக்கு உறைத்தது 1960இல், அதுவும் வான்கோழிகள் செத்துத்தான்.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல். காரணம் தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கிருமி ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் போனால் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் கொண்டுபோய் விட்டது. பிரேசிலிலிருந்து வந்த புண்ணாக்கு. 1961இல் அதிலிருந்த பூஞ்சணத்தையும், அந்தப் பூஞ்சணம் சுரந்த நஞ்சையும் பிரித்து எடுத்தார்கள்.

பெயர் ஆராய்கிறவனுக்கு இந்தச் செய்தியில் ஒரு விருந்தே இருக்கிறது. வான்கோழி மெக்சிகோப் பறவை. இங்கிலீஷ்காரர் அதற்குத் துருக்கியின் பெயரை வைத்தார். துருக்கிக்காரர் ‘ஹிந்தி’ என்று இந்தியாவின் தலையில் கட்டினார். பிரெஞ்சுக்காரரும் இந்தியாதான் என்றார். டச்சுக்காரர் இன்னும் துல்லியமாக, தவறாக, ‘கல்கூன்’ என்று கோழிக்கோட்டின் பெயரை வைத்தார். போர்ச்சுகீசிய மொழியில் ‘பெரு’. மணிலாவில் பிறக்காத மணிலாக்கொட்டையைத் தின்று, துருக்கியில் பிறக்காத துருக்கிக் கோழி செத்தது. கடலையும் கோழியும் அமெரிக்கக் கண்டங்களின் உயிர்கள். சந்தித்துக்கொண்டது இங்கிலாந்தின் தீவனத் தொட்டியில்.

புண்ணாக்கும் சும்மா இல்லை. பிண்ணாக்கு என்பது பழைய வடிவம், வடமொழியில் பிண்யாகம். இலங்கை வழியாக இங்கிலீஷுக்குள்ளும் ‘பூனாக்’ என்று போய் அகராதியில் ஏறிவிட்டது. நாம் ஒருவரைத் திட்டவும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். மாடு மட்டும் இந்த அவமானத்தைப் பொருட்படுத்துவதில்லை.

நஞ்சுக்கு வைத்த பெயர் அஃப்ளாடாக்சின். அதைப் பெயர் என்பதைவிட ஒட்டுப்போட்ட சட்டை என்று சொல்லலாம். அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பது பூஞ்சணத்தின் பெயர். முதல் சொல்லின் முதல் எழுத்தையும் இரண்டாம் சொல்லின் தலையையும் வெட்டி எடுத்து, டாக்சினோடு தைத்துவிட்டார்கள். ஃப்ளேவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள். 1809இல் வைத்த பெயர். டாக்சின் கிரேக்கத்திலிருந்து வருவது. அதன் அடியில் இருப்பது ‘டாக்ஸான்’, வில். அம்பு நுனியில் தடவிய நஞ்சைக் குறித்த சொல், வில்லை மட்டும் பெயரில் வைத்துக்கொண்டு அம்பை விட்டுவிட்டது. அஸ்பர்ஜில்லஸ் இன்னும் பழையது. 1729இல் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பியர் அன்டோனியோ மிக்கேலி என்ற தாவரவியலாளர் இந்தப் பூஞ்சணத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். நீண்ட காம்பு, நுனியில் உருண்டை, உருண்டையைச் சுற்றி மணி மணியாய்ச் சிதறும் வித்துகள். அவர் பாதிரியாரும்கூட. தினமும் கையில் எடுக்கிற பொருள்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது: கோயிலில் மந்திரித்த தண்ணீரைத் தெளிக்கிற கோல். லத்தீனில் அஸ்பர்ஜில்லம். வேளாங்கண்ணியில் ஃபாதர் கூட்டத்தின்மேல் வீசித் தெளிப்பாரே, அதே கோல்.

ஆக அஃப்ளாடாக்சினை அடிச்சொல் அடிச்சொல்லாகப் பிரித்தால் தீர்த்தக்கோல், மஞ்சள், வில். இதற்குத் தமிழில் பெயர் தேடினால் பக்கத்து ஊர் நினைவுக்கு வருகிறது. மறைமலை நகர் ரயில் நிலையம் எஸ்.பி. கோயிலுக்கு அடுத்தது. வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியவரின் பெயர் அந்த நிலையத்துக்கு. மறைமலை அடிகள் 1950இல் மறைந்துவிட்டார். இந்தச் சொல் பிறந்தது அதற்குப் பத்தாண்டுக்கு மேல் கழித்து. இருந்திருந்தால் நிச்சயம் ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருப்பார். பாடப்புத்தகத்தில் இப்போது பூஞ்சை நச்சு என்று எழுதுகிறோம். அந்த வகை நஞ்சு முழுவதற்குமான பொதுப்பெயர் அது. இதற்கென்று தனிப்பெயர் இல்லை.

அதற்குள்ளும் எழுத்துகள் உண்டு. பி1, பி2, ஜி1, ஜி2, எம்1. வேதியியல் ரகசியம் ஒன்றுமில்லை. புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தபோது நீலமாக மின்னியதற்கு நீலத்தின் இங்கிலீஷ் முதலெழுத்து, பச்சையாக மின்னியதற்குப் பச்சையின் முதலெழுத்து. எம் என்றால் மில்க். பால். பி1 கலந்த தீவனத்தைத் தின்ற மாட்டின் ஈரல் அதை எம்1 ஆக மாற்றிப் பாலில் விடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அப்படி வரும், நிறையக் கறக்கிற மாட்டில் இன்னும் கூடுதலாக. பி1தான் இவற்றில் கொடியது. ஈரலுக்குள் போய் உருமாறி மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. காலப்போக்கில் ஈரல் புற்றுநோய். மஞ்சள்காமாலை பி வைரஸ் ஏற்கெனவே இருக்கிறவருக்கு ஆபத்து பல மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

என் பொட்டலத்துக்குத் திரும்புகிறேன். கசந்தது அஃப்ளாடாக்சின் அல்ல. அதற்கு நிறம் இல்லை என்றே சொல்லலாம், ருசியும் இல்லை, வாடையும் இல்லை. பூஞ்சணம் பருப்பின் எண்ணெயைச் சிதைத்ததால் வந்த கசப்பும் காறலும்தான் நாக்குக்கு எட்டியது. கசந்த பருப்பில் நஞ்சு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கசக்காத பருப்பிலும் இருக்கலாம். வேகவைத்தால் போகாது. வறுத்தால் கொஞ்சம் குறையும், தீராது. கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. ஒரு கிலோவில் ஏறக்குறைய 2,000 பருப்பு. அரை கிராம் எடையுள்ள ஒற்றைப் பருப்பில் கிராமுக்கு 100 மைக்ரோகிராம் ஏறியிருந்தால் போதும், கணக்கு 50 ஆகிறது. மீதி 1,999 பருப்பும் பத்தினியாக இருந்தாலும் அந்தக் கிலோ வரம்பைத் தாண்டிவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் மாதிரி எடுக்கிறவர்களைத் தூங்கவிடாத கணக்கு இது. மூட்டையில் எந்தக் கை அளவு அள்ளினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

நஞ்சு எங்கே ஏறுகிறது? பாதி, கொல்லையிலேயே. அறுவடைக்கு முந்தைய சில வாரங்களில் மழை பொய்த்து மண் சுட்டால், நலிந்த ஓட்டு வழியாகப் பூஞ்சணம் புகுந்துவிடும். ஜிப்சம் போடச் சொல்வது இதற்கும்தான். மீதிப் பாதி, களத்தில். பிடுங்கிய கொடியைக் காய் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டுக் காயவைக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு இயந்திரத்தில் போட்டு உடைக்கும்போது காய்ந்த பருப்பு நொறுங்கும் என்று மூட்டைமேல் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இருக்கிறது. முழுப்பருப்புக்கு விலை கூட, அதனால். காயவைத்த உழைப்பு முழுவதும் அந்த ஒரு தெளிப்பில் போய்விடும். மிக்கேலி பாதிரியார் தண்ணீர் தெளிக்கிற கோலின் பெயரைப் பூஞ்சணத்துக்கு வைத்தது உருவம் பார்த்துத்தான். ஆனால் நம் உடைப்பு மில்லில் நின்று பார்க்கிறவனுக்கு அது காரணப்பெயராகவே தோன்றும்.

இவ்வளவு இருந்தும் எஸ்.பி. கோயில் கூட்டுரோட்டில் இந்தச் சொல் யார் வாயிலும் இல்லை. தேயவே இல்லை. எட்டு எழுத்தும் அப்படியே, இஸ்திரி மடிப்புக் கலையாமல், ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கிறது. மக்கள் புழங்காத சொல் தேயாது.

ஒரே ஒரு இடத்தில் தேய்ந்திருக்கிறது. நாமக்கல்லில். கோழித் தீவன ஆலைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் “அஃப்ளா எவ்வளவு இருக்கு?” என்றுதான் கேட்கிறார்கள். டாக்சினைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்கிறார்கள். காரணம் எளிது. அஃப்ளா ஏறிய தீவனத்தைத் தின்ற கோழி சில நாளில் முட்டையைக் குறைக்கும், ஈரல் வீங்கும், சாகும். நஷ்டம் அந்த வாரமே கணக்கில் தெரிகிறது. கோழிக்கு உடனே, நமக்கு இருபது முப்பது வருஷம் கழித்து. எந்தக் கடலை, எந்த டம்ளர் பால் என்று அப்போது யார் கண்டுபிடிப்பது? கோழிக்காரர் வாயில் அஃப்ளா, நம் வாயில் ஒன்றுமில்லை.

மனிதர்களையும் உடனே கொன்ற சந்தர்ப்பம் இந்தியாவில் ஒருமுறை நடந்தது. 1974இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. 106 பேர் இறந்தார்கள். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் போய் ஆராய்ந்து, அஃப்ளாடாக்சின் என்று கண்டு சொன்னார்கள். வேறு சாப்பாடு இல்லாத ஏழைகள், தெரிந்தே பூத்த சோளத்தைத் தின்றவர்கள். வீட்டு நாய்களும் சேர்ந்து செத்தன.

தமிழ்நாட்டின் பெயர் இந்தக் கதையில் வந்தது 2019இல், பாலின் வழியாக. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. தண்ணீர், யூரியா, டிடர்ஜென்ட் என்று எல்லோரும் கலப்படத்தைத் தேடிய இடத்தில், கலப்படம் பெரிதாகச் சிக்கவில்லை. சிக்கியது எம்1. கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியவை 368 மாதிரிகள். மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாடு: 551இல் 88. அடுத்து டெல்லி, 262இல் 38. பிறகு கேரளம், 187இல் 37. விகிதம் பார்த்தால் கேரளம் நம்மைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அதில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. நான்கு நாள் செய்தித்தாளில் ஓடியது, பால் நல்லதா கெட்டதா என்று விவாதம் நடந்தது. தீவனத்தைப் பற்றி, புண்ணாக்கைப் பற்றி, மழையில் நனைந்த வைக்கோலைப் பற்றிப் பேசியவர் குறைவு. பால்காரர் தண்ணீர் ஊற்றினால் நமக்குக் கோபம் வரும்; அதற்குச் சொல் இருக்கிறது, கலப்படம் என்று. யாரும் கலக்காமல், மாட்டின் ஈரல் வழியாகத் தானாக வந்து சேர்வதற்குக் கோபப்படச் சொல்லும் இல்லை, ஆளும் இல்லை.

கால்நடைத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அது ஆலையில் அரைத்து மூட்டை போடுகிற தீவனத்துக்கு. செக்கடியில் வாங்கி வந்து ஊறவைக்கிற புண்ணாக்கை யார் அளக்கிறார்கள்? மண்டியில் கடலையைத் தரம் பிரிக்கும்போது சொத்தையும் சுருங்கலும் நிறம் மாறியதும் தனியே ஒதுங்கும். ஒதுங்கியது குப்பைக்குப் போவதில்லை, எண்ணெய்க்குப் போகிறது. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயோடு போகும். சுத்திகரிப்பில் அந்தக் கொஞ்சமும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. மணத்துக்காகவே அதை வாங்குகிறோம். அதனால் செக்கெண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செக்குக்காரரிடம் ‘சுத்தமான எண்ணெயா?’ என்று கேட்பதற்குப் பதில், ‘பருப்பைக் காட்டுங்கள்’ என்று கேட்கலாம். நல்ல செக்குக்காரர் கோபப்படமாட்டார், கோணியை அவிழ்த்துக் காட்டுவார்.

அந்த அம்மாவின் தட்டில் இருந்தது பெரும்பாலும் பயமில்லாத சரக்கு. பிடுங்கிய ஈரத்தோடு வந்த பச்சைக் காய், கிடங்கில் கிடந்ததல்ல. அன்று எனக்கு வாய்த்த அந்த ஒன்று மண்ணிலேயே கெட்டது. அவர் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மல்லாட்டையோ வேர்க்கடலையோ கடலைக்காயோ, கசந்தால் விழுங்காதீர்கள், துப்பிவிடுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி. வீட்டில் பொறுக்கி ஒதுக்குகிற சொத்தையை வீணாகப் போகிறதே என்று மாட்டுத் தொட்டியில் போடாதீர்கள். மறுநாள் காலை காபியில் திரும்பி வரும்.